ஏழாவது கட்டை

"சும்மா விளையாடத்தானே விடுறாங்க, இதுக்கு எதுக்குங்க பொதுப்பணம்?"

மழலையர் பள்ளி வாசலில் இன்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சிறுமி. மூன்று வயது இருக்கும். மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது கட்டையில் எல்லாம் சரிந்தது. உதடு பிதுங்கிவிட்டது.

ஆசிரியை வந்து உட்கார்ந்தார். கட்டையைத் தொடவே இல்லை. "எது முதல்ல ஆடுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அவள் யோசித்தாள். அப்புறம் பெரிய கட்டையாகத் தேடி எடுத்து அடியில் வைத்தாள்.

இதற்கு மதிப்பெண் கிடையாது. சிக்கலே அதுதான்.

அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி ஆய்வு நினைவுக்கு வந்தது. ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு மட்டும் பாலர் பள்ளி. அவர்கள் ஐ.க்யூ. என்னும் அறிவுத்திறன் அளவீட்டில் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துபோனது. அத்தோடு கணக்கை மூடியிருந்தால் 'வீண்செலவு' என்றுதான் எழுதியிருப்பார்கள். விடாமல் பின்தொடர்ந்தார்கள். 40 வயதில் பார்த்தால், மற்றவர்களைவிட இவர்களுக்கு வருமானம் கூடுதல், கைதானது குறைவு. (சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன்.)

பாலம் கட்டினால் அடுத்த தேர்தலுக்குள் ரிப்பன் வெட்டிவிடலாம். நாற்பது வருடம் எந்த வேட்பாளர் காத்திருப்பார்? பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டவர்களும் சேர்ந்து இதற்குப் பொதுப்பணம் கேட்டால்தான் நடக்கும்.

சரி, வாதம் எதற்கு என்று அவரை ஜன்னலருகே கூப்பிட்டேன்.

எட்டாவது கட்டை ஏறிக்கொண்டிருந்தது. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.