பாண்டியில் ஒரு டின், டப்ளினில் ஒரு பைன்ட்

பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி எல்லாம் தாண்டி முள்ளோடையில் எல்லையைக் கடந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் மதுக்கடைப் பலகைகள் தொடங்கிவிடும். கடலூர்க்காரர்களுக்கு இது சின்ன வயசிலிருந்து பழகிய காட்சி. தமிழ்நாட்டுப் பக்கம் 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் தனியார் கடை, பார், ஏலத்தில் எடுத்து நடத்தும் சாராயக்கடை, கள்ளுக்கடை என்று எல்லாம் உண்டு. யூனியன் பிரதேசம் தன் கலால் வரியைத் தானே முடிவு செய்துகொள்வதால் பாட்டில் விலையும் குறைவு. "பாண்டின்னா மலிவு" என்று எங்கள் ஊரில் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஆனால் அந்த மலிவு எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. கப்பலில் வந்து இறங்கும் ஸ்டவுட் (வறுத்த பார்லி சேர்த்துக் காய்ச்சும் கறுப்பு பீர்) டின் ஒன்றை மெனுவில் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாமாவைப் பார்க்கப் பாண்டிக்குப் போயிருந்தேன். அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பாரீஸ் பக்கத்தில் பல வருஷம் வாழ்ந்துவிட்டு, யூரோவில் வரும் பென்ஷனோடு ஊருக்கே திரும்பிவிட்டவர். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை பொடிநடையாக நடந்தோம். அப்புறம் ஒயிட் டவுனுக்குள் ஒரு மாடி பார். நல்ல காற்று. மெனுவில் அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸ் இருந்தது, 440 மில்லி டின். வரியோடு சேர்த்து 700 ரூபாயைத் தாண்டியது.

மாமா மெனுவை மூடி வைத்தார். "இந்தக் காசுக்குப் பாரீஸ்லயே கவுண்டர்ல நின்னு ஃப்ரெஷ்ஷா ஒண்ணு குடிச்சிடலாம்டா தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரிதானா என்று அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூரோவை ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாண்டி டின் 100 மில்லிக்கு 160 ரூபாய். பாரீஸில் ஐரிஷ் பப்புகளில் பைன்ட் 8, 9 யூரோ என்றால், 100 மில்லிக்கு ஏறத்தாழ அதே விலைதான் வரும். கின்னஸின் சொந்த ஊரான டப்ளினில் சாதாரணத் தெருவிலுள்ள பப்பில் பைன்ட் 6 யூரோவை ஒட்டி இருக்கும். பைன்ட் என்றால் அங்கே 568 மில்லி. ஆக, 100 மில்லிக்கு 105 ரூபாய்தான். அயர்லாந்தில் 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.50 யூரோ. அரை மணி நேர வேலைக்குள் ஒரு பைன்ட் அடங்கிவிடுகிறது. பாண்டியில் அந்த டின்னின் விலை ஒரு சித்தாளின் ஒரு நாள் கூலி. இதை நினைத்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

காரணம் கடைக்காரரின் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் பீருக்கு இந்தியா போடும் அடிப்படைச் சுங்க வரி மட்டும் 100 சதவீதம். அது டெல்லி போடும் வரி, அதில் புதுச்சேரி ஒரு பைசா குறைக்க முடியாது. அதற்கு மேல் கலால், மாநில வரி. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், எங்கே எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒவ்வொரு பிராண்டின் லேபிளையும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். பெங்களூரு மாதிரி இடத்தில் அந்தக் கட்டணம் ஆயிரக்கணக்கான டின்களில் பரவிவிடும். பாண்டியில் விற்பதே கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தின் தலையில்தான் எல்லாம் விடிகிறது. இத்தனைக்கும் பிறகு அந்த டின் வருஷக்கடைசி வரை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஃப்ரிட்ஜில் காத்துக் கிடக்கும்.

டப்ளின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தங்கை அங்கே நர்ஸ். டாலா என்ற புறநகரில் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து சிவப்பு லைன் டிராம் ஏறினால் ஜேம்ஸஸ் நிறுத்தத்தில் இறங்கலாம். கொஞ்ச தூரம் நடந்தாலே வறுத்த பார்லி வாசனை வந்துவிடும், காபிக்கொட்டை வறுக்கிற வாசனைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில். செயின்ட் ஜேம்ஸஸ் கேட் ஆலை அதுதான். ஆர்தர் கின்னஸ் 1759-ல் வருஷத்துக்கு 45 பவுண்ட் வாடகையில் 9,000 வருஷத்துக்கு எழுதி வாங்கிய குத்தகை இங்கே தரையில் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. பார்வையாளர் மையம் 2000-ல் திறந்தது. டிக்கெட் விலை நாளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி மாறும், முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்வது நல்லது. டிக்கெட்டிலேயே ஒரு பைன்ட் சேர்த்தி. ஏழாம் மாடியில் சுற்றிலும் கண்ணாடி வைத்த பாரில் அதை வாங்கிக்கொண்டு நகரம் முழுவதையும் பார்க்கலாம். ஊரை ஒரு முறை பார்க்க வருபவர் கொடுக்கும் காசுக்கு இது தகும்.

ஆனால் மனசுக்குப் பிடித்த பைன்ட் கிடைத்தது தங்கை வீட்டுப் பக்கத்துப் பப்பில்தான். அவளோடு வேலை பார்க்கும் ஐரிஷ் அம்மாவும் அவர் கணவரும் அழைத்துப் போனார்கள். குழாயிலிருந்து கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால்வாசி நிரப்பி மேஜையில் வைத்துவிடுவார்கள். கீழே இறங்குவது போலத் தெரியும் அந்தக் குமிழிகள் அடங்கி, பழுப்பு மேகம் கறுப்பாகத் தெளிந்த பிறகுதான் மேலே நுரை வரை நிரப்புவார்கள். கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். மூன்று பேரோடு போனால் நான்கு ரவுண்டு என்பது அங்கே எழுதாத சட்டம். ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்க வேண்டும். ஒரு பைன்ட் போதும் என்பவர் ஆரம்பத்திலேயே "என் பங்கை நான் தனியா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். செலவைக் கணக்கிடும்போது பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், விலைப்பட்டியலில் இது இருக்காது.

அந்த 6 யூரோவில் அரசுக்குப் போவது எவ்வளவு? கலால் வரி ஆல்கஹாலைப் பொறுத்தது. 4.2 சதவீத ஸ்டவுட் ஒரு பைன்டுக்கு ஏறத்தாழ 54 சென்ட். அதோடு 23 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), அது 1.12 யூரோ. மொத்தம் 1.66. மீதியில் ஆலை, பப்பின் வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம். டெம்பிள் பார் பகுதியில் அதே பைன்ட் 10 யூரோவைத் தொடும், தாண்டும். பீர் அதேதான், ஆலையும் பக்கத்திலேயேதான். அதிகமாக வாங்கும் 4 யூரோ இடத்துக்கும் பாட்டுக்கும் கூட்டத்துக்கும். ஒரு முறை உள்ளே போய்ப் பாட்டுக் கேளுங்கள், தப்பில்லை. குடிப்பதை ஆற்றைக் கடந்து வேறு தெருவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. பப்பே வேண்டாம் என்றால் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து ஒரு கிராம் ஆல்கஹாலுக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட் என்று சட்டம். 500 மில்லி டின்னை 1.66 யூரோவுக்குக் கீழே யாரும் விற்க முடியாது.

பாரீஸ் பற்றி மாமா சொன்னதே போதும். கவுண்டரில் நின்றால் ஒரு விலை, உள்ளே உட்கார்ந்தால் ஒரு விலை, தெருவோர மேஜையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. விலைப்பட்டியலை வெளியிலேயே ஒட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம், படித்துவிட்டு உள்ளே போகலாம். 'தெமி' என்று கேட்டால் 25 சென்டிலிட்டர்தான் வரும். தாகம் தீராது, காசும் பெரிதாகப் போகாது. சாயங்கால ஹேப்பி ஹவரில் பைன்ட் விலை நன்றாக இறங்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளில் சாப்பாட்டை முடித்துவிட்டு, பப்பில் ஒன்றே ஒன்று என்பது மாமாவின் பழைய சனிக்கிழமை வழக்கம்.

சிங்கப்பூர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஊர், அங்கே வேலை பார்த்திருக்கிறேன். போட் கீ பக்கத்துப் பப்பில் பலகையில் 16 டாலர் என்று இருக்கும், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம். பில் 19 டாலரைத் தாண்டி வரும். வரிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அப்படித் தெரியவில்லை. ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்குக் கலால் 60 டாலர், இறக்குமதி என்றால் சுங்கம் 16 டாலர். ஒரு பைன்ட் ஸ்டவுட்டில் இருப்பது 24 மில்லி ஆல்கஹால். வரி 1.80 டாலர்தான் ஆகிறது. மீதியை ஆற்றங்கரை வாடகை சாப்பிடுகிறது. அதே ஊரில் காபிக் கடையில் உட்கார்ந்தால் ஸ்டவுட் பெரிய பாட்டில் பப் விலையில் பாதிக்கே கிடைக்கும். பீர் விற்கும் ஆன்டி ஐஸ் கட்டி போட்ட மக்கோடு கொண்டுவந்து வைப்பார். ஷிப்யார்டில் வேலை முடித்து வரும் நம் ஆட்கள் அங்கேதான் உட்காருவார்கள். இரவு 10.30-க்கு மேல் பார்சல் கிடையாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. 2015-லிருந்து அந்தச் சட்டம். அபராதம் எந்தப் பப்பைவிடவும் அதிகம்.

அந்தக் காபிக் கடைப் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தால், உள்நாட்டிலோ மலேசியாவிலோ காய்ச்சியது என்று இருக்கும். கின்னஸ் உலகம் முழுக்கவும் டப்ளினிலிருந்து போவதில்லை. பல ஊர்களுக்குச் செறிவூட்டிய சாறு மட்டும் போகிறது, அந்த ஊர் ஆலை அதை உள்ளூர் பீரோடு சேர்க்கிறது. நைஜீரியாவில் 1960-களிலிருந்து அங்கேயே ஆலை, சோளம் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். ஆகவே "இம்போர்ட்டட்" என்று சொல்லி அதிகக் காசு கேட்டால், பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எந்த நாட்டில் தயாரித்தது, எத்தனை மில்லி, எப்போது வரை நல்லது. இந்த மூன்றும் தெரியாமல் விலை மலிவா அதிகமா என்று சொல்லவே முடியாது.

எப்போது வரை நல்லது என்பது எனக்கு முக்கியம். குழாயில் ஊற்றும் டிராட் ஸ்டவுட்டில் நைட்ரஜன் அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு. அந்த வெண்ணெய் மாதிரியான நுரை அதனால்தான். டின்னுக்குள் அதே நுரை வர, சின்ன பிளாஸ்டிக் கருவி ஒன்றை உள்ளே வைத்து 1988-லிருந்து விற்கிறார்கள். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனாலும் துறைமுகத்துக் கொட்டகையிலும் லாரியிலும் நம் ஊர் வெயிலைத் தாங்கி வந்த டின்னுக்கும் ஆலைக்குப் பக்கத்தில் குழாயில் வருவதற்கும் உள்ள வித்தியாசம், முதுநகர் துறைமுகத்தில் காலையில் இறங்கிய சங்கரா மீனுக்கும் ஐஸ் பெட்டியில் கிடந்ததற்கும் உள்ளது மாதிரி. குழாயில் விற்பதும் எல்லா இடத்திலும் சாத்தியமில்லை. திறந்த பீப்பாய் சீக்கிரம் காலியாக வேண்டும், தனி வாயு, தனிக் குழாய் வேண்டும். தினம் இரண்டு பேர் கேட்கும் பாரில் அது கட்டுப்படியாகாது.

கடல் தாண்டிப் போவதற்கென்றே காய்ச்சிய ஸ்டவுட் வேறு. 1801 வாக்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்ப, கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் ஆல்கஹாலும் கூட்டி ஒரு போர்ட்டரை (ஸ்டவுட்டுக்கு முன்னோடியான கறுப்பு பீர்) காய்ச்சினார்கள், இன்றைய ஃபாரின் எக்ஸ்ட்ரா அதன் வழியில் வந்தது. வெப்ப நாடுகளில் நன்றாக விற்கும் ஸ்டவுட்கள் எல்லாம் அந்த ரகம்தான். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஒன்று, இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம். 1881-ல் நுவரெலியாவில் தொடங்கிய ஆலை, இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில். சாக்லேட்டும் கருப்பட்டியும் கலந்த கனம் அதில் உண்டு. வெயில் நாட்டில் காய்ச்சி வெயில் நாட்டிலேயே குடிக்கும் சரக்கு. கொழும்பில் உட்கார்ந்துகொண்டு ஐரிஷ் டின்னுக்குக் காசு கொடுப்பவரைப் பார்த்தால் தடுத்து நிறுத்தத் தோன்றும் எனக்கு.

அன்றைக்கு மாடி பாரில் டின் வாங்கவில்லை. அடுத்த நாள் மதியம் மாமா பையன், அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் இடம் ஒன்றுக்கு அழைத்துப் போனான். பாண்டியில் இப்போது அப்படி இடங்கள் வந்துவிட்டன. கறுப்பு பீர் ஒன்று குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நுரை டப்ளின் அளவுக்கு நிற்கவில்லை, கொஞ்சம் புளிப்பும் இருந்தது. வறுத்த பார்லியின் கசப்பு மட்டும் சரியாக வந்திருந்தது. ஒரு கிளாஸ், முந்தைய நாள் டின் விலையில் பாதிக்கும் கீழே. மாமா இரண்டாவது கிளாஸ் சொன்னார். "பரவாயில்லடா, இது நம்ம ஊர்ல காய்ச்சினது, உயிரோட இருக்கு" என்றார். அவர் எதையும் சுலபமாகப் பாராட்டுகிற ஆள் இல்லை.

பாட்டில் எதையும் கடலூருக்குக் கொண்டு போகவில்லை. முள்ளோடைக்கு அந்தப் பக்கம் சோதனைச்சாவடி இருக்கிறது, பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்கள். பாண்டியில் குடிப்பதைப் பாண்டியிலேயே முடித்துக்கொண்டு, வண்டி ஓட்டாமல் பஸ்ஸில் திரும்புவதுதான் சரி. அடுத்த பயணம் கொழும்புக்கு, லயனை அதன் ஊரிலேயே குடித்துப் பார்க்க வேண்டும். பௌர்ணமி அன்று போயா, இலங்கை முழுக்க ஒரு மதுக்கடையும் திறக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போடப் போகிறேன்.