பதினொன்று

எந்த ஹால்ட் என்று சொல்லப்போவதில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பாதையில் ஒன்று. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் மட்டும். கார்டு கொடி காட்டினால் வண்டி கிளம்பும். (2022-லிருந்து அவர் 'ட்ரெயின் மேனேஜர்'. ஊரில் இன்னும் கார்டுதான்.)

காலை வண்டிக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்த்து எழுதுவது என் வேலை. பதினொன்று. பிஸ்கட் டப்பாவில் கிடந்த பத்து ரூபாய்த் தாள்களை ஏஜென்ட் இரண்டு முறை எண்ணினார், எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல.

"ஏறுனது நாப்பத்து மூணு பேரு. நீங்களும் பாத்தியள்லா சாரே? அதையும் எழுதப்பிடாதா?"

மீதி முப்பத்திரண்டு பேரும் சீசன் டிக்கெட் என்றார். ஜங்ஷனில் எடுப்பது, அதனால் ஜங்ஷன் கணக்கில் விழும். கொரோனாவுக்குப் பிறகு குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனபோது பஸ்ஸுக்குப் போன பலர், 2024 பிப்ரவரியில் பத்து ரூபாய்க்கு இறங்கியும் திரும்பவில்லையாம்.

"கேட்டதைத்தான் எழுத முடியும்" என்றேன்.

அது பொய்யில்லை. படிவத்தில் கேட்டது விற்பனைதான். முப்பத்திரண்டு பேரும் சீசன்தான் என்று எனக்கென்ன தெரியும்? டிக்கெட்டே இல்லாமல் ஏறியவர்களும் இருந்திருக்கலாம். அதற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

ஆனால் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. முந்தின வாரம் வேறொரு ஸ்டேஷனில் குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று அதே கட்டத்தில் நாலு வரி எழுதியவன் நான். இங்கே 'இல்லை' என்று எழுதினேன். ஏன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுதினால் விளக்கம் கேட்பார்கள் என்ற சோம்பலாகவும் இருக்கலாம்.

டிக்கெட் குறைவென்று நிறுத்தத்தை எடுத்துவிடவில்லை; அந்த வண்டி இன்றும் அங்கே நின்றுதான் போகிறது. அப்படியானால் என் பதினொன்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சரி, நாற்பத்து மூன்று என்று எழுதியிருந்தாலும் கெட்டிருக்காதே.

அன்று திரும்பும் வண்டி வந்தபோது ஏஜென்ட் கவுண்டருக்குள்ளிருந்தே கேட்டார்: "சாருக்கு டிக்கெட்?"

"பாஸ் இருக்கு" என்றேன்.

"அப்போ சாரும் கணக்குல இல்ல" என்று சிரித்துவிட்டு, டப்பாவை மூடினார்.