மெக்கானிக்கல் படிச்சுட்டு ஸ்டாட்ஸ்ல டிஏ ஆன கதை

அமெரிக்கால மிட்வெஸ்ட் பக்கம் ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டில எம்எஸ் மெக்கானிக்கல் சேர்ந்தேன். எங்க டிபார்ட்மென்ட்ல டிஏ, அதாவது டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை, எல்லாம் பிஹெச்டி பசங்களுக்குத்தான், எம்எஸ்காரனுக்கு மிஞ்சிப்போனா பேப்பர் திருத்துற கிரேடர் வேலை, அதுல மணிக்கணக்குல காசு வரும், ட்யூஷன் வெய்வர் வராது. எனக்கு வேண்டியது வெய்வர். எங்க யூனில 25 சதவீத அப்பாயின்ட்மென்ட், அதாவது வாரத்துக்கு 10 மணி நேரம், கிடைச்சாலே அந்த செமஸ்டர் ட்யூஷன் மொத்தமும் தள்ளுபடி, அது எந்த டிபார்ட்மென்ட் குடுத்தாலும் சரி. எஃப்-1 ஸ்டூடன்ட் விசாலயும் பிரச்சனை இல்ல, கிளாஸ் நடக்குறப்ப கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம் வரைக்கும் வேலை பாக்கலாம், வெளி வேலைக்கு வாங்குற சிபிடி பர்மிஷன் எல்லாம் வேணாம்.

இது தெரிஞ்சதும் அக்டோபர்ல உக்காந்து ஒரே மெயில காப்பி பேஸ்ட் பண்ணி ஒரு 70 புரொஃபசருக்கு அனுப்புனேன். நாலு பேர் பதில் போட்டாங்க, நாலும் இல்லன்னுதான். அதுல ஒருத்தர் "நீ எழுதியிருக்குற பேரு என் பேரு இல்ல"ன்னு மட்டும் போட்டிருந்தாரு. இப்ப நினைச்சாலும் கூசுது.

அப்புறம் ரூமுக்கு சாப்பிட வந்த மதுரைக்கார சீனியர் அண்ணன்தான் கேட்டாரு, "டேய், புரொஃபசருக்கு எதுக்குடா மெயில் போடுற, அவருக்கு டிஏ யாருன்னு அவருக்கே கடைசிலதான் தெரியும், ஆபீஸ்ல லிஸ்ட் போடுற அம்மாவ போய் பாரு"ன்னு. அதாவது முதல்ல அவங்க சொந்த பிஹெச்டி பசங்களுக்கு செக்‌ஷன் பிரிச்சு குடுத்துருவாங்க, அதுக்கப்புறம் ஃபர்ஸ்ட் இயர் கோர்ஸ்ல கூட்டம் ஏறி புதுசா செக்‌ஷன் திறப்பாங்க, எவனாவது ஆர்ஏ, அதாவது ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை, கிடைச்சு கழண்டுக்குவான், ஒருத்தன் ஊருக்கு போன இடத்துல விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவான், அப்ப விழுற ஓட்டைதான் நம்மள மாதிரி வெளியாளுக்கு. அதனால ஊர்பட்ட அண்டர்கிராட் பசங்களுக்கு பாடம் எடுக்குற, ஆனா சொந்தமா கிராட் ஸ்டூடன்ட் கம்மியா இருக்குற டிபார்ட்மென்ட்டா பாக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் வாசல்ல ஏற்கனவே ரேஷன் கடை க்யூ, அங்க நிக்கவே வேணாம்.

அப்படி பாத்து நான் ஸ்டாட்ஸ், அதாவது புள்ளியியல், ஆபீஸுக்கு நேர்ல போனேன், நவம்பர் கடைசி. அந்தம்மா கேட்டது மூணே விஷயம்: ஸ்டாட்ஸ் கோர்ஸ் எதுல என்ன கிரேடு, ஸ்டாட்ஸுக்கு யூஸ் பண்ற ஆர்-ங்குற மொழில கோட் எழுத வருமா, டோஃபல் இங்கிலீஷ் டெஸ்ட்ல ஸ்பீக்கிங் எவ்வளவு. முதல் ரெண்டும் ஓகே. அப்ப இருந்த மார்க் முறைல ஸ்பீக்கிங் 30க்கு 23 வாங்கியிருந்தேன், அங்க 24 வேணும். ஒரே ஒரு மார்க்! டோஃபல் எழுதுறப்ப அட்மிஷனுக்கு போதும்னு விட்டது, இப்ப வந்து கழுத்த பிடிச்சது. (இன்னும் எழுதாதவங்க ஸ்பீக்கிங்ல கொஞ்சம் மெனக்கெடுங்க, டிஏக்கு அத தனியா பாப்பாங்க.)

ஆனா யூனிவர்சிட்டியே ஒரு ஓரல் டெஸ்ட் வைக்குது, போர்டுல 10 நிமிஷம் பாடம் எடுக்கணும். நான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எடுத்தேன். ரெண்டு பஸ், ரெண்டுக்கும் சராசரி காத்திருப்பு 10 நிமிஷம், ஒண்ணு எப்பவும் 10 நிமிஷத்துல வரும், இன்னொண்ணு ஒரு நாள் 2 ஒரு நாள் 18, எத நம்பி வீட்ட விட்டு கெளம்புவன்னு கேட்டேன். நம்மூரு டவுன் பஸ் புண்ணியம். நடுவுல ஒருத்தங்க "ஏன் ஸ்கொயர் பண்றோம், மைனஸ மட்டும் எடுத்துட்டா போதாதா"ன்னு கேக்க எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, நல்ல கேள்வி, அடுத்த கிளாஸ்ல சொல்றேன்னு சமாளிச்சேன். ஃபெயில்னு நினைச்சேன், பாஸ் போட்டாங்க. உருட்டாம இருந்ததே அவங்களுக்கு பிடிச்சுச்சாம்.

பாஸ் ஆயிட்டா வேலை வந்துருமா, வரல. டிசம்பர் முழுக்க சத்தமே இல்ல. லீவுக்கு ஊருக்கு போகாம அங்கயே கெடந்தேன், அதுதான் காப்பாத்துச்சு. ஜனவரில கிளாஸ் ஆரம்பிக்க மூணு நாள் இருக்குறப்ப மெயில்: ரெண்டு லேப் செக்‌ஷன், 25 சதவீதம், இன்னிக்கே பதில் வேணும். பஸ்ல இருந்தபடியே எஸ்ன்னு அடிச்சேன். அதுக்கப்புறம் ஒரே ஓட்டம், எங்க டிபார்ட்மென்ட்ல கையெழுத்து வாங்கணும், அப்பாயின்ட்மென்ட் குறிப்பிட்ட தேதிக்குள்ள சிஸ்டத்துல ஏறணும், இல்லன்னா வேலை இருக்கும் வெய்வர் இருக்காது. எங்க ஆளு ஒருத்தர் ரெண்டு நாள் ஃபார்ம மேஜைலயே வச்சுட்டாரு, நான் போய் எதிர்லயே உக்காந்துட்டேன். வேலைக்கு வேண்டிய எஸ்எஸ்என், அதாவது சோஷியல் செக்யூரிட்டி நம்பர், வேற இல்ல, ஆஃபர் லெட்டர வச்சுத்தான் அதுக்கே அப்ளை பண்ண முடியும், கார்டு வர்ற வரைக்கும் வயித்துல புளி.

ஃபீஸ் போர்ட்டல்ல ட்யூஷன் சைபர்னு பாத்த அன்னிக்கு ரூம்ல எல்லாருக்கும் என் செலவுல பிரியாணி. அடுத்த நாள்தான் கவனிச்சேன், ட்யூஷன் போனாலும் ஸ்டூடன்ட் ஃபீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கு.