மயிலுக்கு ஆசைப்பட்டு கினிக்கோழி அடை வைத்தது

எங்கள் தோட்டத்து வேலியோரம் தினமும் நாலைந்து மயில் மேயும். போன வருடம் புதருக்குள் ஐந்து முட்டை கிடந்தது. எடுத்து நாட்டுக்கோழியிடம் அடை வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது உண்மைதான். ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வளர்ப்பது இருக்கட்டும், முட்டையைத் தொட்டாலே குற்றம். சரி, மயில் போலவே ஏறக்குறைய 28 நாள் அடை கிடக்கிற கினிக்கோழியில் (உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஆப்பிரிக்கக் கோழியினம்) ஆரம்பிப்போம் என்று தெரிந்தவரிடம் 12 முட்டை வாங்கினேன்.

சித்திரை முதல் வாரம் நாட்டுக்கோழியிடம் அடை வைத்தேன். பழைய கூடையில் மணல், மேலே வைக்கோல். அம்மாயி ஓர் இரும்புத் துண்டும் இரண்டு மிளகாய் வத்தலும் கொண்டுவந்து போட்டார். இடி இடித்தால் முட்டை கெடாதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கோழியை இருட்டிய பிறகுதான் உட்கார வைத்தோம். பகலில் வைத்தால் எழுந்து ஓடிவிடும்.

ஒன்பதாம் நாள் இரவு செல்போன் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்தேன். கினி முட்டையின் ஓடு தடிமன், பழுப்பு நிறம் வேறு. கோழி முட்டையில் பளிச்சென்று தெரியும் நரம்பு இதில் தெரிவதே இல்லை. இரண்டு மட்டும் உள்ளே கரு இல்லாமல் வெறும் வெளிச்சமாக இருந்தன. எடுத்துவிட்டேன்.

பயந்தது 21ஆம் நாளுக்குத்தான். கோழி முட்டை பொரிய 21 நாள்தான், கோழிக்குக் கணக்கு அதோடு முடிந்துவிடும், எழுந்து போய்விட்டால்? "அது நாள் எண்ணாது கண்ணு, முட்டைக்குள்ள சத்தம் கேட்டாத்தான் எந்திரிக்கும்" என்றார் அம்மாயி. எழவில்லைதான். ஆனால் நன்றாக மெலிந்துவிட்டது. தினமும் காலையில் நானே தூக்கி வெளியே விட்டு, கம்பும் தண்ணீரும் வைத்தேன்.

26ஆம் நாள் சாயங்காலம் ஒரு முட்டையில் விரிசல். மறுநாள் இருட்டுவதற்குள் எட்டுக் குஞ்சு. மீதி இரண்டு பொரிக்கவே இல்லை. குஞ்சுகள் காடைக்குஞ்சு சாயலில் வரி வரியாக, சிவந்த காலோடு இருந்தன. அத்தனையும் அப்படி ஒரு ஓட்டம்.

தப்பு நடந்தது இங்கேதான். கோழிக்கு வைக்கிற அதே தண்ணீர்த் தட்டைப் பஞ்சாரத்துக்குள் வைத்துவிட்டேன். காலையில் இரண்டு குஞ்சு அதில் விழுந்து செத்துக் கிடந்தன. தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல்லிடுக்கில் அலகு மட்டும் நனைகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். படித்தும் இருந்தேன், அந்த அவசரத்தில் மறந்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீனி விஷயத்திலும் கோழிக்குஞ்சுக் கணக்கு உதவாது. கினிக்குஞ்சுக்குப் புரதம் 24 சதவீதம் அளவுக்கு வேண்டும். பிராய்லர் குஞ்சுத் தீவனத்தோடு அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டேன். அப்புறம் கறையான். பழைய பானைக்குள் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, தரையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் நிறையச் சேர்ந்துவிடும். தாய்க்கோழி கொக்கரித்து அழைத்ததும் ஆறும் பாய்ந்து வந்தன. அதன் குரலுக்குப் பழகியதால் அந்தி சாய்ந்ததும் தானாகக் கூண்டுக்குத் திரும்பவும் செய்தன. பனி காய்வதற்கு முன் மட்டும் வெளியே விடவில்லை. ஈரம் பட்டால் தாங்காது.

ஆடி பிறக்கும்போது சேவல், பெட்டை பிரிக்கப் பார்த்தேன். உருவத்தில் வித்தியாசமே தெரியவில்லை. குரல்தான் வழி. இரண்டு அசையாக இழுத்துக் கத்தினால் அது பெட்டை, சேவலுக்கு ஒற்றைக் கத்தல்தான். பெட்டையும் சில நேரம் ஒற்றையாகக் கத்தும் என்பதால் நாலு நாள் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. நான்கு பெட்டை, இரண்டு சேவல்.

இப்போது வேலியோரம் மயில் வந்து நின்றால் ஆறும் சேர்ந்து ஊரைக் கூட்டுகின்றன. தாய்க்கோழி அடுத்த ஈட்டுக்கு முட்டையிட ஆரம்பித்துவிட்டது.