முக ஓவியத் தொழிலுக்கான முதல் பெட்டி: பணம் சேர்த்த விதமும் பொருள் சேர்த்த வரிசையும்

பிறந்தநாள் விழாக்களிலும் பள்ளி விழாக்களிலும் குழந்தைகளுக்கு முக ஓவியம் வரைவதைப் பகுதிநேரத் தொழிலாகத் தொடங்குவது என்று முடிவு செய்தபோது எனக்கு நானே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டேன். இதற்காக யாரிடமும் கடன் வாங்குவதில்லை, வீட்டுச் செலவுக்கான பணத்தில் கை வைப்பதும் இல்லை. இந்த நிபந்தனையின்படி நடந்தால் பெட்டி ஒரே நாளில் நிறையாது, சிறுகச் சிறுகத்தான் சேரும். ஆனால் எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை தெளிவாக இருந்துவிட்டால், மெதுவாகச் சேர்வதில் நட்டம் ஏதுமில்லை. ஒவ்வொரு பொருளையும் பயன்படுத்திப் பழகிய பிறகே அடுத்ததை வாங்குவதால், தேவையற்றது எதுவும் பெட்டிக்குள் வந்து சேர்வதில்லை.

தொடக்கநிலையினருக்கு என்று விற்கப்படும் ஆயத்தத் தொகுப்புகளைத்தான் முதலில் பார்த்தேன். பன்னிரண்டு, பதினாறு வண்ணங்கள் சிறு சிறு குழிகளில் வரிசையாக அமைந்திருப்பது கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் அதில் ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் மற்ற வண்ணங்களுக்கு இருப்பதே. முக ஓவியத்தில் புலியானாலும் வண்ணத்துப்பூச்சியானாலும் வெளிக்கோடு கறுப்பு, மினுக்கும் புள்ளியும் கண்ணீர்த்துளி வடிவமும் வெள்ளை. எனவே இந்த இரண்டும் தீர்ந்துபோன பிறகு மற்றவை அப்படியே மீந்து நிற்கும். ஆகவே தொகுப்பை விடுத்து, வெள்ளையையும் கறுப்பையும் 30 கிராம் அளவிலும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, இளஞ்சிவப்பு ஆகியவற்றை அதில் பாதிக்கும் குறைவான அளவிலும் தனித்தனியாக வாங்கினேன். ஆரஞ்சு, ஊதா, பழுப்பு ஆகியவற்றைக் கலந்தே பெற்றுக்கொள்ளலாம் என்பதால் அவற்றுக்கான பணம் ஸ்பாஞ்சுக்குப் போயிற்று.

வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கைவினைக்கான அக்ரிலிக் வண்ணத்தின் மீது நச்சற்றது என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி, அதையே குழந்தையின் கன்னத்தில் தீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அக்ரிலிக் உலர்ந்ததும் பிளாஸ்டிக் படலமாக இறுகிவிடும். உரிக்கும்போது தோலையும் இழுக்கும். தோலில் தடவுவதற்கென்று அது தயாரிக்கப்பட்டதே அல்ல. ஒப்பனைப் பொருளாகவே தயாரிக்கப்பட்டு, உட்பொருள்களின் பட்டியல் முழுமையாக அச்சிடப்பட்ட வண்ணங்களை மட்டுமே வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவை 1223/2009 என்ற ஒப்பனைப் பொருள் விதிமுறைக்கு உட்பட்டவை. அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எந்தெந்த நிறமிகளை ஒப்பனையில் சேர்க்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. அவற்றிலும் சிலவற்றைக் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அனுமதி இல்லை. இருட்டில் ஒளிரும் துத்தநாக சல்பைடு அப்படிப்பட்ட ஒன்று. அதை எப்போதாவது ஒருமுறை பூசிக்கொள்ளலாமே தவிர, கண்ணருகில் கொண்டுபோகக் கூடாது. எனவே இருட்டில் ஒளிரும் வண்ணங்களையும், அவற்றோடு பளீரென்ற நியான் வண்ணங்களையும் என் பட்டியலிலிருந்து முழுவதுமாக நீக்கிவிட்டேன்.

உட்பொருள் சரியாக இருந்தாலும் தூய்மை கெட்டால் பயனில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியில் முக ஓவியம் தீட்டிக்கொண்ட குழந்தைகளுக்குத் தடிப்பும் அரிப்பும் எரிச்சலும் வீக்கமும் ஏற்பட்டு, அந்த வண்ணங்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சோதித்துப் பார்த்தபோது அவற்றில் கிருமிகள் பெருமளவில் இருந்தது தெரியவந்தது. திறந்த டப்பாவின் படத்துக்குள் 12எம், 24எம் என்று அச்சிட்டிருப்பது, திறந்த பின் எத்தனை மாதங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கிறது. ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் திறந்த தேதியைச் சிறு தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீர் தொட்டுத் தீட்டும் வண்ணங்கள் பெரும்பாலும் இரு வகைப்படும். கிளிசரின் மிகுந்தவை சிறிது ஈரம் பட்டாலே குழைந்து வரும். ஸ்பாஞ்சினால் பெரிய பரப்பைச் சீராக மூட அவை ஏற்றவை. ஆனால் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது என்பதால், புழுக்கமான நாளிலும் வியர்க்கும் முகத்திலும் அது சற்றுப் பிசுபிசுத்து நிற்கும். மெழுகு மிகுந்தவற்றைக் குழைக்க நேரம் பிடிக்கும். குழைந்துவிட்டால் கோடு கூர்மையாக விழும், உலர்ந்த பின் எளிதில் கலையாது. வுல்ஃப், டயமண்ட் எஃப்எக்ஸ் ஆகிய நிறுவனங்களின் வண்ணங்கள் இந்த இரண்டாம் வகைக்குப் பெயர் பெற்றவை. எனவே அடிப்பூச்சுக்குக் கிளிசரின் வகையையும், கோட்டுக்கு மெழுகு வகையில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் மட்டும் வாங்கினேன்.

கோட்டுக்கான கறுப்பைக் குழைப்பதில்தான் பயிற்சியின் பெரும்பகுதி கழிந்தது. தூரிகையை நீரில் தோய்த்து, டப்பாவின் விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு, வண்ணத்தின் மேல் முடி முழுவதும் படிய வட்டமாகச் சுழற்ற வேண்டும். முதலில் நுரை எழும். நுரை இருக்கும் வரை கோட்டில் குமிழ் விழுந்து இடைவெளி தெரியும். நுரை அடங்கி, எழுதுகோல் மையைப் போல் பளபளத்து, தூரிகையைத் தூக்கினால் சொட்டாமல் நுனியில் கூராக நிற்கும் பதம் வந்த பிறகே தோலில் வைக்க வேண்டும். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து, அழுத்தி வைத்து, இழுத்துக்கொண்டே மெல்லத் தூக்கினால் கண்ணீர்த்துளி வடிவம் தானாக விழுகிறது. என் முன்கையில் இதை வரைந்து துடைத்து வரைந்ததில் கறுப்பு கணிசமாகக் குறைந்தது. அந்தச் செலவையும் முதலீட்டுக் கணக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

இனிப் பணத்தைப் பற்றி. முதல் தொகை, பயன்படுத்தாமல் கிடந்த எண்ணெய் வண்ணங்களையும் ஓவியத் தாங்கியையும் விற்றதில் வந்தது. அடுத்தது, வாழ்த்து அட்டைகள் வரைந்து கொடுத்ததில் கிடைத்தது. என் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்ட உறவினர்களிடம் தூரிகையின் எண்ணையும் வகையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கும் தேடும் வேலை மிச்சமாயிற்று, எனக்கும் வட்டத் தூரிகைகள் வந்து சேர்ந்தன. நெருங்கியவர்கள் வீட்டு விழாக்களில் கூலி வாங்காமல் வரைந்தேன். ஆனால் பொருள் செலவை மட்டும் அவர்கள் தந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டேன். பழகியவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கும் என்பது உண்மைதான். என்றாலும், செலவைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

அந்தச் செலவைக் கணக்கிட்ட முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னர் கட்டணம் நிர்ணயிப்பதற்கு அதுவே அடிப்படையாயிற்று. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசில் ஒவ்வொரு வண்ணத்தையும் வரைவதற்கு முன்பு எடை போட்டேன். வரைந்து முடித்ததும் உடனே எடை போட்டால் அதில் ஏறியிருக்கும் தண்ணீரும் சேர்ந்து கணக்கு பொய்த்துவிடும். மூடியைத் திறந்து வைத்து நன்றாக உலர விட்ட பிறகே மறுபடி எடை போட வேண்டும். குறைந்திருக்கும் எடையை, வரைந்த முகங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கிராமின் விலையால் பெருக்கினால் ஒரு முகத்துக்கான வண்ணச் செலவு கிடைத்துவிடும். இவ்வாறு கணக்கிட்டதில், வண்ணத்துக்கு ஆகும் செலவு நான் நினைத்ததைவிட மிகக் குறைவாகவும், ஸ்பாஞ்சு, ஈரத் துடைப்புத் தாள், கிருமிநாசினி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகுதியாகவும் இருந்தன. தொடங்குகிறவர்கள் பலர் வண்ணங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே பணத்தைக் கொட்டுகிறார்கள்; உண்மையில் தொழிலைத் தாங்கி நிறுத்துவது கண்ணில் படாத இந்தச் சில்லறைப் பொருள்களே.

ஸ்பாஞ்சு விஷயத்தில் நான் கடைப்பிடிக்கும் விதி, ஒரு முகத்தைத் தொட்டது இன்னொரு முகத்தைத் தொடக் கூடாது என்பது. அடர்த்தியான வட்ட ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டினால் அரைவட்டத்தின் முனை கண்ணோரத்துக்கும், வளைந்த பக்கம் கன்னத்துக்கும் பொருந்தும். 20 குழந்தைகள் வரும் விழாவுக்கு ஒரு குழந்தைக்கு இரண்டு என்று 40 துண்டுகளும், கூடுதலாகச் சிலவும் கொண்டுபோக வேண்டும். பயன்படுத்தியவை உடனே ஜிப் வைத்த வலைப்பைக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் பையோடு சோப்பு நீரில் அலசி, காற்றோட்டமான இடத்தில் முழுவதுமாக உலர்த்திய பிறகே பெட்டிக்குள் வைக்கிறேன். தூரிகைகளுக்கு இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள் வேண்டும், ஒன்று கழுவுவதற்கு, மற்றது வண்ணம் தொடுவதற்கு. வேலை முடிந்ததும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வண்ணங்களின் மேற்பரப்பில் தெளித்து, திறந்தே உலர விடுகிறேன். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை, அதைத் தூக்கி எறிவதுதான் முறை.

எந்தச் சுத்தமும் ஈடுகட்ட முடியாத நிலைகளும் உண்டு. கண் சிவந்து பீளை கட்டிய குழந்தைக்கும், உதட்டில் கொப்புளமோ முகத்தில் திறந்த காயமோ உள்ள குழந்தைக்கும் முகத்தில் வரைவதில்லை. இதைச் சிறு பலகையில் எழுதி மேசை மேல் வைத்துவிடுவதால், வரிசையில் நிற்கும்போதே பெற்றோர் படித்துக்கொள்கிறார்கள். குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு மறுத்து அதன் மனத்தை நோகடிக்க நேர்வதில்லை. தொற்றுநோய் அல்லாத வெறும் தடிப்பாக இருந்தால், தோல் நன்றாக இருக்கும் கையில் வரைந்து தருகிறேன். ஒவ்வாமை உண்டு என்று தெரிந்தவர்களுக்கு முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பார்த்துவிட்டு வரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தூரிகைகளைப் பொறுத்தவரை செயற்கை இழையாலான வட்டத் தூரிகையில் 2, 4 ஆகிய எண்களும், பலவண்ணப் பட்டை இழுக்க முக்கால் அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். பளபளப்புத் தூள் ஒப்பனைக்கென்று தயாரித்ததாக மட்டுமே இருக்க வேண்டும். கைவினைத் தூளின் கூரிய துணுக்கு கண்ணில் விழுந்தால் விழிப்படலத்தைக் கீறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 அக்டோபர் 17 முதல் உதிரியாக விற்கும் கைவினைப் பிளாஸ்டிக் பளபளப்புத் தூளுக்குத் தடை வந்திருக்கிறது, ஒப்பனைப் பொருள்களுக்குக் காலக்கெடு தந்திருக்கிறார்கள். எப்படியும் அந்தத் திசையில்தான் போக வேண்டியிருக்கும் என்பதால் தாவர நாரிலிருந்து பெறப்படும் செல்லுலோஸ் வகைத் தூளை ஜெல்லில் கலந்ததையே வாங்கியிருக்கிறேன். வடிவம் வெட்டப்பட்ட அச்சுத் தகடுகள் (ஸ்டென்சில்) இல்லாமலே சமாளிக்கலாம். உயரமான மடக்கு நாற்காலி ஒன்று அவசியம். குனிந்தபடியே வரைந்தால் இடுப்பு தாங்காது.

கூலி வாங்கத் தொடங்கிய பிறகு, வரும் பணத்தில் 40 விழுக்காடு தீர்ந்த பொருளை நிரப்பவும், 30 புதிய பொருளுக்கும், 10 பொறுப்புக் காப்பீட்டுக்கும் (என் வேலையால் யாருக்கேனும் பாதிப்பு நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீடு), மீதி 20 என் உழைப்புக்கும் என்று பிரித்து வைக்கிறேன். விழாவுக்கு முன் தரப்படும் முன்பணத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விழா நடந்து முடியும் வரை அது என்னுடைய பணம் அல்ல. காய்ச்சலோ மழையோ வந்து விழா நின்றுபோனால் அன்றே திருப்பித் தர முடிய வேண்டும். முன்பணத்தை வைத்துப் பெட்டியை நிறைத்துக்கொள்ளலாமே என்று அனுபவமுள்ளவர்களே ஆலோசனை சொன்னார்கள். ஆனால் குழந்தைகளின் விழாவை நம்பி ஒப்படைக்கிறவர்களின் பணத்தில் நம்முடைய முதலீட்டைத் திரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேகத்தைப் பொறுத்தவரை எளிய வடிவங்களானால் ஒரு மணி நேரத்தில் 10 முதல் 12 முகங்கள் வரை வரையலாம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் குழந்தைகள் இருந்தால் நேரத்தைக் கூட்டும்படி முன்பே கேட்டுவிடுகிறேன். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது ஸ்பாஞ்சு மாற்றுவதும் கை துடைப்பதுமாகத்தான் இருக்கும்.

இப்போது பெட்டியில் ஒரு குறை, மாலை நேர விழாக்களுக்கான வெளிச்சம். கழுத்து வளையும் விளக்கு ஒன்றை அடுத்து வாங்குவதாக இருக்கிறேன். அதன் ஒளி மஞ்சளாக இல்லாமல் பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமாக இருந்தால்தான் மஞ்சளையும் இளம் ஆரஞ்சையும் பிரித்தறிய முடியும். காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவியைப் பலர் பரிந்துரைத்தார்கள். அதற்கு அழுத்தக் கருவி, மின்சார வசதி, தனி வகைத் திரவ வண்ணம் ஆகிய எல்லாம் வேண்டும்; சிறு குழந்தைகளின் முகத்துக்கு நேரே தெளிப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை. எனவே விளக்கு வாங்கியது போக மிஞ்சுவதில் இரண்டாவது வெள்ளையும், மேலும் இரண்டு கட்டு ஸ்பாஞ்சும் வாங்குவதென்று கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.