புத்தகப்பை

"வயசு என்னம்மா?"

நர்ஸ் கேட்டது அந்தப் பெண்ணிடம். பதில் சொன்னது மாமியார். "பத்தொன்பது."

அவள் மடியில் பள்ளியில் கொடுக்கும் இலவசப் புத்தகப்பை. ஸ்கேன் ரிப்போர்ட், இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அதற்குள்தான். ஓரத்தில் ஒயிட்னரால் '10-ஆ' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு பூ.

இன்று காலை, தருமபுரிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

அப்பா அம்மாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலையாம். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட பயம். அத்தை மகனுக்கே முடித்துவிட்டார்கள்.

பெண்ணுக்கு 18 என்று 1978-லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 20-24 வயதுப் பெண்களில் 23 சதவீதம் பேர் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். சட்டத்துக்குப் பயந்து கல்யாணத்தை நிறுத்துகிறார்களோ இல்லையோ, வயதைக் கூட்டிச் சொல்லப் பழகிவிட்டார்கள். ரத்தசோகை, எடை குறைந்த குழந்தை என்று இந்த வயதுக்கே உள்ள ஆபத்துகள் அந்தப் பத்தொன்பதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

கிளம்பும்போது சீட்டை வைக்க ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ்.

"சில்லறை போட்டு வைக்கக்கா" என்றாள், நான் கேட்காமலே.