இருபது மார்க்குக்கு மொய்

2024 ஜூன் 24, திங்கள்

ரீடிங் 330.

ஜூன் 25, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத ஓடவில்லை. நர்ஸ் வேலைக்கு லண்டன் போக எழுதிய ஆங்கிலத் தேர்வு, ஓ.இ.டி., அதன் ரிசல்ட். லிசனிங் 370, ரைட்டிங் 350, ஸ்பீக்கிங் 380. நான் பயந்த மூன்றும் பி கிரேடு. பஜ்ஜி மடித்த தாளைக்கூட விடாமல் படிக்கிறவள் நான், வாசிப்பில் போய் சி பிளஸ். இன்னும் இருபது மார்க்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "முந்நூத்தி முப்பதா, எத்தனைக்கு?" ஐந்நூறுக்கு என்றேன். "அப்ப பாஸ்தானே?" என்றாள். பாஸ்தான் அம்மா. லண்டன்காரனுக்குத்தான் 350 வேண்டுமாம்.

ஜூன் 28, வெள்ளி

கணக்கு போட்டேன். ஓ.இ.டி. கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர். டாலர் 56 ரூபாய் என்று வைத்தால் 32,872. லண்டன் போக எதுக்கு ஆஸ்திரேலியா டாலர் என்கிறான் தம்பி. தேர்வை நடத்துகிறவர்கள் மெல்போர்னில் இருக்கிறார்களடா என்றால் அதுவும் ஒரு ஊரா என்கிறான்.

சம்பளம் பிடித்தம் போக 15,200. ஹாஸ்டல் 5,500. படிப்புக் கடன் தவணை 4,100. வீட்டுக்கு 3,000. மிச்சம் 2,600. சோப்பு, ரீசார்ஜ் எதுவும் இல்லாமல் இதை அப்படியே எடுத்து வைத்தால் பதின்மூன்று மாதத்தில் கட்டணம் சேரும். இரண்டு தடவை எழுதியதைச் சேர்த்துக் காட்ட லண்டனில் அனுமதி உண்டு, ஆனால் இடைவெளி பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு மாதம் இடிக்கிறது. வாசிப்பை மட்டும் தனியாக எழுதவும் வழியில்லை, நாலையும் முதலிலிருந்து எழுதியாக வேண்டும்.

ஐ.இ.எல்.டி.எஸ். என்று இன்னொரு ஆங்கிலத் தேர்வு, இதில் பாதிக் காசுதான். ஆனால் அதற்கும் இதற்கும் சேர்த்துக் காட்ட முடியாது. வாங்கிய மூன்று பி-யும் வீண். அதுவும் போக, அதில் வாசிக்கப் பவளப்பாறையும் தேனீயும் வரும். இதிலாவது சர்க்கரை, பிரஷர், கட்டுப் போட்ட கால். தெரிந்த முகங்கள்.

தோடு போன தடவைக்குப் போனது. இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

அப்பாவிடம் கேட்கப் போவதில்லை. ஆடி வருகிறது.

கஜா புயலில் தென்னை அத்தனையும் படுத்துவிட்டது. மறு வருஷம் வீட்டில் மொய் விருந்து வைத்தோம். வந்த பணத்தில்தான் கன்று வைத்ததும், என் காலேஜ் இரண்டாம் வருஷ ஃபீஸும். அந்த நோட்டில் 212 பேர். அஞ்சு வருஷமாக ஆடியும் ஆவணியும் அப்பா அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கு எவ்வளவு திருப்பி வைக்க வேண்டும், யார் வீட்டில் எந்தத் தேதி என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த ஆடியில் மட்டும் பதினேழு வட்டம்.

ஜூலை 2, செவ்வாய்

ரூம்மேட் சொல்கிறாள், "ஊர்ல எல்லாரும் ஆன்லைன்ல பணம் திரட்டறாங்க, நீயும் போடேன்." சரி, பார்ப்போமே என்று அப்படிப்பட்ட பக்கம் ஒன்றைத் திறந்தேன். திறந்ததும் ஒரு குழந்தை. மூக்கில் டியூப்பை ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஒரு பக்கம் உரிந்து தொங்கியது. அதை மாற்றி ஒட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து கிட்னி. அடுத்து ரத்தப் புற்றுநோய், 18 லட்சம். இவர்களுக்கு நடுவில் என் போட்டோவைப் போட்டு, இந்தப் பெண்ணுக்கு வாசிப்பில் இருபது மார்க் குறைகிறது என்று எழுதுவதா?

மூடிவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

வாசிப்புப் பயிற்சி, பார்ட் ஏ: 13/20. நாலு துண்டுத் தாள், இருபது கேள்வி, பதினைந்தே நிமிடம். நேரம் முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள். நான் முழுசாகப் படித்துவிட்டுத்தான் பதில் தேடுகிறேன். அதுதான் தப்பு என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். படிக்கத்தானே வைக்கிறார்கள் என்று கோபம் வருகிறது.

ஜூலை 6, சனி

சரி, தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்பது. காலேஜ் பேட்ச் குரூப், சொந்தக்காரர்கள் குரூப், டியூஷன் குரூப். டியூட்டி குரூப்பில் மட்டும் போடக் கூடாது, என் ஒரிஜினல் சர்டிபிகேட் ஆஸ்பத்திரி ஆபீஸ் பீரோவில் இருக்கிறது.

மெசேஜ் எழுத மூன்று மணி நேரம் ஆனது. முதல் தடவை எழுதியது பிச்சை மாதிரி இருந்தது. இரண்டாவது, வட்டிக்கடைக்காரருக்கு எழுதியது மாதிரி. அப்புறம் தேர்வில் ரெஃபரல் லெட்டர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். எதற்கு எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே வர வேண்டும். படிக்கிறவருக்குத் தேவையில்லாத பழைய கதை வரக் கூடாது. தோடு, தென்னை, படிப்புக் கடன் எல்லாவற்றையும் அடித்தேன். மிஞ்சியது ஏழு வரி. கடைசி வரி: "திருப்பித் தருவேன், தேதி மட்டும் சொல்ல முடியாது." ரூம்மேட் அதை எடு என்றாள், நன்கொடை என்றால் திருப்பித் தருவது கிடையாதாம். எடுக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலை 6.40-க்குப் போட்டேன். போட்டுவிட்டு போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஒரு ரூபாய் வந்திருக்கிறது. பெயர் பார்த்தால் பேட்ச்மேட். "நம்பர் சரியான்னு பார்த்தேன்டி" என்று மெசேஜ். அப்புறம் அனுப்பவேயில்லை.

ஜூலை 8, திங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். வரிசை எண், பெயர், ஊர், தொகை. அப்பா நோட்டில் இருக்கிற மாதிரியே நாலு கோடு. முதல் வரி: 1, பேட்ச்மேட், மன்னார்குடி, ரூ. 1.

இரவு வரை 4,713. ஐம்பத்தொன்று, நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று. ஜிபேயில்கூட ஒரு ரூபாய் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பேட்ச் குரூப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டு வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் 15,200-தான் என்று தெரியும், இருந்தும் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

2,000 ரூபாய். பெயர் இருக்கிற இடத்தில் "ஆர்" என்று ஒரே எழுத்து. இதுவரை வந்ததிலேயே பெரிய தொகை. மெசேஜ் எதுவும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆர் என்றால் யார்? தமிழாசிரியர் பெயர் ஆர்-ல் தொடங்கும், ஆனால் அவர் பட்டன் போன் வைத்திருப்பவர். போன மாதம் டிஸ்சார்ஜ் ஆன பெட் 4 தாத்தாவின் மகனும் ஆர்தான். ஆனால் பில் கட்டும்போது பஞ்சு எத்தனை உருண்டை என்று எண்ணியவர் அவர்.

பார்ட் ஏ: 15.

ஜூலை 15, திங்கள்

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கும் சீனியர் அக்கா 5,000 அனுப்பினார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ், மூன்று நிமிடம். இப்போது அங்கே வெளிநாட்டு நர்ஸ் எடுப்பதை ரொம்பக் குறைத்துவிட்டார்களாம். "பரீட்சை எழுதிடு, ரெண்டு வருஷத்துக்குச் செல்லும், அதுக்குள்ள ஏதாவது நடக்கும்" என்கிறார். பாஸானால் அடுத்து கம்ப்யூட்டர் தேர்வு 83 பவுண்டு, அங்கே போன பிறகு ஒரு செய்முறைத் தேர்வு 794 பவுண்டு. ஆஸ்பத்திரி எடுத்தால் பல இடங்களில் அவர்களே கொடுத்துவிடுவார்களாம். எடுத்தால்.

முழுசாக இரண்டு தடவை கேட்டேன். நோட்டில் 5,000 எழுதினேன்.

ஜூலை 21, ஞாயிறு

பெரியப்பா வீட்டு மொய் விருந்து. லீவு இல்லை, நைட் முடித்து நேராகப் பேராவூரணி பஸ். பந்தலுக்குள் ஊர் ஊராகப் பெயர் எழுதி ஒட்டி ஆறு மேஜை. எங்கள் ஊர் மேஜையில் கணக்கு எழுதுகிற மாமா நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் திருப்புகிறார். அவர் தொகையைச் சத்தமாகச் சொல்ல, பக்கத்திலிருப்பவர் திருப்பிச் சொல்லி சில்வர் சட்டிக்குள் போடுகிறார். ஐந்நூறு ரூபாய்க் கட்டில் சுற்றிய ரப்பர் பேண்ட் அறுந்து என் கையில் அடித்தது. அப்பா பத்தாயிரம் வைத்தார். பழையது ஏழாயிரம், மேலே மூவாயிரம் புதுசு. எழுதியதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் சாப்பிடப் போனார்.

பந்தியில் எதிரில் ஒரு அத்தை. கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "நீதானே போன்ல மொய் வாங்கறவ?" என்றாள். ஆமாம் அத்தை என்றேன். "சோறு எங்கடி?"

நாலு இலையும் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அதுவரை தெரியாது.

ஜூலை 22, திங்கள்

அப்பா போன் எடுக்கவில்லை.

ஜூலை 24, புதன்

எடுத்தார். "நோட்டு போட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். "ஊர் பேரும் சேர்த்து எழுது. ஒரே பேர்ல நாலு பேர் இருப்பான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சோறு எங்கடி. இன்றைக்கு டிரெஸ்ஸிங் போடும்போதுகூட காதில் கேட்டது.

ஜூலை 29, திங்கள்

ஆர் கிடைத்துவிட்டார்.

மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். "அம்மா, 11-ஆம் தேதி ரெண்டாயிரம் தப்பா உங்க நம்பருக்குப் போட்டுட்டேன். கடைசி எண் மாறிப் போச்சு. உரக்கடைக்கு அனுப்ப வேண்டியது." பதினெட்டு நாளாக இந்த மனுஷருக்காக விளக்கு ஏற்றியிருக்கிறேன். தப்பாக அனுப்பிவிட்டேன் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்பார்களே, அந்தப் பயத்தில் மெசேஜை நம்பாமல் பாஸ்புக் வரவையே போய்ப் பார்த்தேன். அவர் கணக்கிலிருந்துதான் வந்திருக்கிறது. இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்றேன். உரக்கடைக்காரர் நேற்றுதான் பாக்கி கேட்டாராம்.

திருப்பி அனுப்பினேன். நோட்டில் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன், ஸ்கேல் வைத்து. வரிசை எண்ணை மட்டும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் தண்ணீர். பாலத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன், ஒன்றையும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேட்ரன் கூப்பிட்டார். யாரோ காட்டியிருக்கிறார்கள். என் மெசேஜ் அவர் போனில் திறந்திருந்தது. "இன்னும் எத்தனை பேர் கிளம்பப் போறீங்க?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வருஷம் போனவர்களே ஆறு பேர், அந்த வேலையையும் சேர்த்து நாங்கள்தான் பார்க்கிறோம். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த வாரம் ஏழு நாளும் எனக்கு நைட் போட்டிருக்கிறார், அதில் என்ன நியாயம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கட்டிவிட்டேன்.

என் கார்டு வெளிநாட்டுக்குப் போகாது என்று மூன்று தடவை திருப்பி அடித்தது. கடைசியில் டியூட்டி டாக்டரின் கிரெடிட் கார்டு. இறங்குகிற தொகைக்கு மேல் வங்கி மூன்றரை சதவீதம் வேறு போடுகிறது, எல்லாம் சேர்த்து 34,000 சொச்சம். நோட்டில் 61 பேர், 31,870. மீதியை நான் போட்டு, டாக்டர் கையில் நோட்டாக எண்ணிக் கொடுத்தேன். எண்ணாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். எண்ணுங்க சார் என்று நிற்க வைத்து எண்ண வைத்தேன். அப்பா பெண்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பார்ட் ஏ: 17. முதலில் கேள்வி, அப்புறம் தாள். எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பது. கேஸ் ஷீட்டை நாங்கள் தினமும் அப்படித்தானே பார்க்கிறோம். நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு பொட்டாசியம் என்ன என்று டாக்டர் போனில் கேட்டால், முதல் பக்கத்திலிருந்தா படிக்கிறேன்?

ஆகஸ்ட் 22, வியாழன்

பார்ட் ஏ: 12. எழுதவே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

61 பேரில் 23 பேர் "எப்ப பரீட்சை?" என்று கேட்டுவிட்டார்கள். ஐம்பத்தொரு ரூபாய் கொடுத்தவர் இரண்டு தடவை கேட்டார். கேட்கட்டும், அவர் போட்ட காசு. போன தடவை ஃபெயிலானபோது அது எனக்கும் தோட்டுக்கும் இடையில் இருந்த விஷயம்.

செப்டம்பர் 13, வெள்ளி

கிளாம்பாக்கத்தில் இறங்கியபோது விடிந்திருந்தது. சித்தி வீட்டில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டை நாலு தடவை எடுத்துப் பார்த்தாயிற்று. சித்தி மீன் குழம்பு வைத்திருக்கிறாள், நாளைக்கு வயிறு கெட்டுவிடும் என்று ரசம் சாதம் மட்டும் கேட்டேன். கோபித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 14, சனி

பார்ட் ஏ-யில் இரண்டு விட்டுப் போனது. 18-உம் 19-உம். 20 தெரிந்தது, எழுதினேன். பார்ட் சி-யில் இரண்டாவது கட்டுரை தூக்கத்தைப் பற்றி. நைட் டியூட்டிக்காரியிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

ஸ்பீக்கிங்கில் எதிரில் இருந்தவர் ஊசி போட மறுக்கும் பாட்டியாக நடித்தார். அந்தப் பாட்டியை எனக்குத் தெரியும், பெட் 9.

செப்டம்பர் 19, வியாழன்

18-க்கும் 19-க்கும் விடை தாள் பி-யில்தான் இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு அளவு அட்டவணை இருந்தது. அதைப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 25, புதன்

ரிசல்ட் வரவில்லை. காலையிலிருந்து பதினொரு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

வரவில்லை. வரிசை எண் 14, பாபநாசம், ரூ. 101. அவர் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, பத்திரிகை வாட்ஸப்பில் வந்திருக்கிறது. 151 வைக்க வேண்டும். நைட் முடித்து 6.10 பஸ் பிடித்தால் போய்விடலாம்.